ராய்ஸ் டில்மன் கொடுக்காத ஒரு மாதம்

ராய்ஸ் டில்மன் பீரங்கிப் படையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். இடது காது அங்கேயே போய்விட்டது. ஓய்வு பெற்று ஓக்லஹோமாவில் எங்கள் ஊருக்கு வந்து, வீடு வீடாகப் போய் எரிவாயு நிரப்பும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியபின் எங்கள் கல்லூரியில் முதலாமாண்டு மாணவராகச் சேர்ந்தார். படிப்பின் மேல் ஆசை வந்து சேர்ந்தார் என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிடுவேன். புத்தகத்தைக் கண்டாலே அவருக்கு எரிச்சல்.

நான் அந்தக் கல்லூரியில் முன்னாள் படைவீரர்களுக்கான மேசையில் இருப்பவள். நானும் ராணுவத்தில் லாரி ஓட்டியவள்தான், அதனால் என்னிடம் யாரும் வாய்ஜாலம் காட்ட முடியாது. எங்கள் ஆட்களுக்கு அரசாங்கம் முப்பத்தாறு மாதப் படிப்பு தருகிறது. கல்லூரிக் கட்டணம் போக, படிக்கிற காலத்தில் வீட்டு வாடகைப் பணமும் உண்டு. தனக்கு வேண்டாமென்றால் மனைவி பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் சீருடையைக் கழற்றுவதற்கு முன்பே அவர்கள் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். கழற்றிய பிறகு, சேர்த்த பெயர்களுக்குள் மாதங்களைக் கூட்டலாம், குறைக்கலாம். புதிதாக ஒரு பெயரை நுழைக்க முடியாது. அதனால் பட்டாளத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று முடிவு செய்யாவிட்டாலும், எல்லாப் பிள்ளை பெயரிலும் ஒரு மாதமாவது போட்டு வைப்பார்கள். தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கும் ஒரு மாதம் விழும்.

ராய்ஸுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கோல்டன், இளையவள் டெலேனி. முப்பத்தாறு மாதத்தையும் கோல்டன் பெயரில் போட்டுவிட்டு வந்தார். டெலேனிக்கு அப்போது ஒன்பது வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறியதால் பள்ளிக்கூடத்தில் தனி வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து மனைவி டார்லாவிடம், கணினி ஒரு பெயரைத்தான் ஏற்றுக்கொண்டது என்று சொல்லிவிட்டார். அவளும் நம்பினாள். பத்து வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் அதுதான் உண்மை.

கோல்டன் எங்கள் கல்லூரிக்கு வந்தான். இரண்டாவது பருவத்தின் பாதியில் எண்ணெய்க் கிணற்று வேலை கிடைத்தது என்று வடக்கு டகோட்டாவுக்குப் போனான், திரும்பவில்லை. டெலேனி முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றி, குளிப்பாட்டிவிடும் வேலையில் இருந்துகொண்டே, நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்து இடமும் வாங்கிவிட்டாள். அண்ணன் விட்ட மாதங்கள் அப்படியே கிடக்கின்றனவே, எனக்கு மாற்றிக் கொடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டாள். நியாயமான கேள்வி.

அதற்காகத்தான் ராய்ஸ் முதன்முதலில் என் மேசைக்கு வந்தார். பெயர் இல்லாததால் முடியாது என்று சொன்னேன். திரும்பவும் கேட்டார், திரும்பவும் சொன்னேன். ஒரு மாதம் போட்டு வைக்கச் சொல்லி பட்டாளத்தில் யாருமே சொல்லவில்லையா என்று நான் சும்மாதான் கேட்டேன். அவர் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"சொன்னாங்க மேடம். அந்த கிளார்க் ரெண்டு தடவ கேட்டான். அவளுக்கு எதுக்குப்பா, அவளாவது காலேஜ் போறதாவதுன்னு நான்தான் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பெண்ணை ஒன்பது வயதில் கழித்துக்கட்டிய மனிதரிடம் என்ன பேசுவது? ஆனால் எதிரில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். மகனுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது அவருக்கு மட்டும்தான் வரும். அவரே கல்லூரியில் சேர்ந்து படித்தால் வாடகைப் பணம் மாதாமாதம் வரும். வீடு அவருடைய சொந்த வீடு, வாடகைக்கென்று செலவில்லை. அந்தப் பணத்தில் மகளின் கட்டணத்தைக் கட்டிக்கொள்ளலாம், சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. நானா, காலேஜுக்கா என்று கேட்டுவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். மறுவாரம் வந்து சேர்ந்துவிட்டார்.

எரிவாயு லாரியை வார இறுதிக்கு மாற்றிக்கொண்டார். வகுப்பில் நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி முன்வரிசையில் உட்கார்ந்தார். மகன் வயதுப் பையன்கள் அவரை சார்ஜன்ட் என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்தார்கள், அதை அவர் பொருட்படுத்தவில்லை. அல்ஜீப்ராதான் அவரைப் படுத்தி எடுத்தது. முதல் தேர்வில் மண்ணைக் கவ்வினார்.

டெலேனிதான் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். வகுப்பும் வேலையும் முடிந்து வந்து, சோள ரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்ட கையோடு சமையலறை மேசையில் அப்பாவை உட்கார வைப்பாள். ஒரு வரி மட்டும் தெரியும்படி மற்றதை ஓர் அட்டையால் மூடிவிடுவாள். இந்த வரியை மட்டும் பாருங்க, அடுத்தது அப்புறம் என்பாள். எங்கே கற்றாய் என்று அவர் கேட்டிருக்கிறார். சின்ன வயதில் அந்தத் தனி வகுப்பில் என்று சொல்லியிருக்கிறாள், ரொம்பச் சாதாரணமாக. இதை ராய்ஸ்தான் என்னிடம் வந்து சொன்னார். தனக்காக அப்பா இந்த வயதில் படிக்கிறார் என்று அவள் தன் தோழிகளிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்கிறாளாம். அதைக் கேட்கும்போது எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கிறதாம். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னால் இந்தப் பணமே வேண்டாமென்று படிப்பை விட்டுவிடுவாள், அதை என்னால் தாங்க முடியாது என்றார்.

வசந்த காலப் பருவத்தில் எங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்திலிருந்து ஓர் உதவியாளர் வந்தார். முன்னாள் படைவீரர்களின் படிப்புச் சலுகையை எப்படி மேம்படுத்தலாம் என்று நேரில் கேட்டுப்போக ஒரு கூட்டம். யார் யார் பேசுவது என்று முடிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. ஓய்வுக்குப் பிறகும் பிள்ளைகள் பெயரைச் சேர்க்க வழி வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். அதைச் சொல்ல ராய்ஸை விட்டால் ஆள் இல்லை. அவர் மாட்டேன் என்றார். ஒரு பெயர் விட்டுப்போயிற்று என்று மட்டும் சொல்லுங்கள், யாரும் கிளறமாட்டார்கள் என்று நான்தான் பிடித்துத் தள்ளினேன்.

கல்லூரிக் கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். விடுமுறை மாதங்களில் வாடகைப் பணம் நின்றுபோவதை ஒருவர் சொன்னார். அந்த மாதங்களில் வீட்டுக்காரர் சும்மா விட்டுவிடுவாரா என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒருத்தி, வீட்டிலிருந்தே கணினியில் படித்தால் வாடகையைப் பாதியாக வெட்டுகிறார்கள், பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வருவது என்றாள். உதவியாளர் இளைஞர்தான், ஆனாலும் பொறுமையாகக் கேட்டார்.

ராய்ஸ் எழுந்த நேரத்தில் டெலேனி உள்ளே வந்தாள். வேலையிலிருந்து நேராக, முதியோர் இல்லத்து நீலச் சீருடையோடு. அப்பா பேசுவதைக் கேட்க ஒரு மணி நேரம் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கடைசி வரிசையில் நின்று கை காட்டினாள்.

மகளின் பெயர் சேரவில்லை, சேர்க்க வழியும் இல்லை, அதை மாற்றுங்கள் என்று ராய்ஸ் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உதவியாளர் அக்கறையாக ஒரு கேள்வி கேட்டார். கணினியில் கோளாறா, அல்லது ஐயாவுக்கு யாரும் விளக்கவில்லையா? ஆமாம் என்று ஒரு சொல் போதும். கூடத்திலிருந்த பாதிப் பேர் ஆமாம் என்று அவருக்காகத் தலையாட்டிவிட்டார்கள்.

ராய்ஸ் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"கோளாறு ஒண்ணும் இல்ல தம்பி. நல்லா வெளக்கிச் சொன்னாங்க. அவளுக்குப் படிப்பு வராதுன்னு நான் நெனச்சேன். அதான் போடல. எங்கள மாதிரி முட்டாளுங்களுக்கும் சேர்த்து சட்டம் போடுங்க."

உதவியாளர் பேனாவை மூடினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால்தானே இது என்று மனம் அடித்துக்கொண்டது.

கூட்டம் கலைந்தபின் நடைபாதையில் டெலேனி காத்திருந்தாள். அழவில்லை. நான் விலகிப் போகப் பார்த்தேன், ராய்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பத்தாறுல எனக்கு ஒண்ணுகூடவா இல்ல, டாடி?" என்றாள்.

"இருந்துச்சும்மா. குடுக்கல."

திட்டுவாள் என்று நான் நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நாளைக்கு உங்களுக்கு டெஸ்ட் இருக்கு. அண்ணன் மாதிரி பாதியில விட்டுட்டுப் போயிடாதீங்க. நான் முடிக்கணும்."

சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வேலைக்கே திரும்பிப் போய்விட்டாள்.

ராய்ஸ் விடவில்லை. அந்தத் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினார், டெலேனியின் அடுத்த பருவத்துக்கும் பணம் கட்டியாயிற்று. உதவியாளரிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை, வருமென்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. டார்லா ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்துவிட்டு, பிறகு பேசத் தொடங்கினாள். டெலேனி மட்டும் எதையும் மாற்றவில்லை. வேலை முடிந்து வருகிறாள், சாப்பிடுகிறாள், அப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். குரலில் ஒரு கடுமைகூட இல்லையாம். தோழிகளிடம் பெருமை பேசுவது மட்டும் நின்றுவிட்டதாம்.

போன வாரம் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, அவள் ஒரு தடவை வாய்விட்டுத் திட்டிவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன், நீங்களாவது சொல்லிப் பாருங்கள் என்றார்.

"அவ திட்ட மாட்டா சார்ஜன்ட்," என்றேன். "அவளுக்கு நேரமில்ல. படிக்க வேண்டியது நெறைய இருக்கு."