பள்ளிவாசல் ஹோட்டலில் ஒரு படக்கூடம்

1974 ஏப்ரல். பள்ளிக்கூடம் அடைத்த வாரம், விடியற்காலையில் எங்கள் ஊர் எலப்புள்ளியில் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்தோம், நானும் என்னோடு பாடம் நடத்தும் இசக்கி டீச்சரும். மலைப்பாதை என்றாலே எனக்குக் குமட்டும். பையில் நாலு எலுமிச்சம்பழம், புளிச்சோறு, ஒரு சால்வை. சமவெளியில் நிம்மதியாக இருந்தவளை மலையேற்றியது ஒரு படக்கூடம். மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊரில் துரைமார் காலத்து ஹோட்டல் ஒன்று இருக்கிறது. அங்கே வருஷக்கணக்கில் தங்கி, குழந்தைகளின் கதைப்புத்தகங்களுக்குப் படம் வரைந்தார் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் காலமான பிறகு படங்களைச் சீமையிலிருந்து உறவினர்கள் அனுப்பிவைக்க, ஹோட்டல்காரர்கள் ஓர் அறை முழுக்க மாட்டியிருக்கிறார்களாம்.

இசக்கி டீச்சர் அங்கே எஸ்டேட் லயத்தில், கூலியாட்களின் வரிசைவீட்டில் பிறந்தவர். வேலை கிடைத்துத்தான் எங்கள் ஊருக்கு வந்தார். சின்ன வயசில் அந்தத் துரைசானி லயத்துப் பிள்ளைகளை ஹோட்டல் வாசல் மரத்தடியில் நிறுத்தி வரைவாராம். அசையாமல் நின்றால் ஆளுக்கு ரெண்டு பிஸ்கட். அப்படி நின்றவர்களில் இசக்கியும் அவர் தங்கை பேச்சியும் உண்டு. பேச்சி ஏழு வயசிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

“அவ குரலு ஞாபகம் இருக்கு டீச்சர். முகந்தான் வரமாட்டேங்கு. கண்ண மூடுனா வேற யார் யாரோ பிள்ளைங்க முகம்லாம் வருது” என்றார் ஒருநாள், பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது. அந்தப் படங்களில் எங்காவது பேச்சி இருப்பாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அதைக் கேட்ட பிறகு வரமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

உடுமலையில் இட்டிலி சாப்பிட்டு மூணாறு பஸ்ஸில் ஏறினோம். அங்கிருந்து எண்பத்தைந்து கிலோமீட்டர். சின்னாறு வரைக்கும் முள்காடும் வெயிலும்தான். மறையூர் தாண்டியதும் காற்றுக் குளிர்ந்தது, என் வயிறு தன் வேலையைக் காட்டியது. கண்டக்டர் ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்து, முன்னாலேயே பாருங்கள், பள்ளத்தைப் பார்க்காதீர்கள் என்றார். பள்ளத்தை விட்டால் அங்கே பார்க்க வேறென்ன இருக்கிறது? டீச்சரோ தேயிலைச்சரிவு தொடங்கிய இடத்திலிருந்து வாய் மூடவில்லை. மலை மலையாகப் பேர் சொன்னார். எங்கள் ஊரில் இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை.

மூணாறிலிருந்து ஜீப். பள்ளிவாசலில் இறங்கும்போது பிற்பகல் இரண்டு. ஹோட்டல் கருங்கல் கட்டடம், தகரக்கூரை, வாசலில் அதே மரம். டீச்சர் படி ஏறாமல் கீழேயே நின்றுவிட்டார். அந்தக் காலத்தில் லயத்து ஆட்கள் அந்தப் படியில் கால் வைக்க முடியாதாம். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

மேனேஜர் கோட்டயத்துக்காரர், நல்ல மனுஷர். “படம் காண ஃபீஸ் ஒண்ணும் வேண்டா. சாயா குடிச்சா மதி” என்றார், டீ குடித்தால் போதுமாம். சாயா ஒன்றரை ரூபாய். இலை வாசலிலேயே விளைகிறது, அதற்கு இந்த விலை. குடித்தோம்.

படக்கூடம் முன்பு துரைமார் சீட்டாடிய அறை. மரத்தளம், பெரிய கணப்பு, நாலு சுவரிலும் கண்ணாடிச் சட்டங்கள். உள்ளே போனதும் எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. ஒரு படத்திலும் குழந்தை இல்லை. எல்லாம் மிருகங்கள். சட்டை போட்ட முயல், கூடை சுமக்கும் எலி, குடை பிடித்த கீரி. டீச்சர் வேகமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

எனக்கு அந்தத் துரைசானிமேல் ஆத்திரமாக வந்தது. பிள்ளைகளை அசையாமல் நிறுத்தி வைத்து எலியையா வரைவது? “ஏனுங்க டீச்சர், அந்தம்மா சீமைப் பிள்ளைகளுக்குப் புஸ்தகம் போட்டிருக்குதுங்க. நம்ம பிள்ளைக மூஞ்சிய எதுக்கு வரையப் போகுது? வாங்க, போலாமுங்க” என்றேன்.

அவர் எழுந்தார். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. கணப்புக்கு மேலே மாட்டியிருந்த படத்துக்கு எதிரே போய் நின்றார். மழையில் ஒரு மலையணில். சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருக்கிறது, தேயிலைக்காட்டில் மழைக்குப் போடுவார்களே, அதேபோல. இரண்டு கையிலும் கொய்யாப்பழம். சாக்கு நழுவாமலிருக்க அதன் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறது.

“கடிச்சிட்டு நிக்கா பாருங்க” என்றார் டீச்சர். “கை ரெண்டுலயும் எப்பவும் என்னத்தையாவது வச்சிருப்பா. கொங்காணிய இப்படித்தான் கடிச்சிக்கிடுவா. எங்கம்ம வைவா. இது பேச்சி, டீச்சர்.”

கண்ணாடியைத் தொடப்போன கையை மடக்கிக்கொண்டார். அணிலுக்குப் பின்னால் இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, யாரையோ அதட்டுவதுபோல ஒரு குண்டுத் தவளை. அது யார் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இசக்கி டீச்சர் வகுப்பில் நிற்கிற நிற்பு அதேதான், எலப்புள்ளியில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடும். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேனேஜர் எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே டீச்சர் அணிலைக் காட்டி அவருக்கு அறிமுகம் செய்து வைத்தார், என் தங்கச்சி என்று. அவர் படத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலி ஒன்றைப் படத்துக்கு எதிரே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

டீச்சரின் அண்ணன் வீட்டில் ராத்தங்கி, மறுநாள் காலையில் பஸ் ஏறினோம். எங்கள் வீட்டு நடையில் வரிசையாகப் போட்டோக்கள் தொங்குகின்றன. கல்யாணத்தில் எடுத்தது, செத்த பிறகு எடுத்தது என்று. பொங்கலுக்குப் பொங்கல் தூசி தட்டுவேன், அவ்வளவுதான். ஒருவரையும் நின்று பார்த்ததாக நினைவில்லை. அதை நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மறையூர் தாண்டும்வரை டீச்சர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

“நெத்தியில ஒரு அம்மைத் தழும்பு” என்றார் திடீரென்று. “மூக்கு எங்கம்ம மூக்கு.”

நான் எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துவிட்டு, கண்ணு எப்படி என்று கேட்டேன். சொன்னார். பல்லு, காது, சிரிச்சா எந்தக் கன்னம் குழியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒன்றுக்கும் அவர் யோசிக்கவில்லை. உடுமலையில் இறங்கும்போது பேச்சியை எனக்கும் தெரிந்திருந்தது.