திரையைத் திருப்பிய பெண்

பணி ஓய்வுக்குப் பின் எனக்கு மனச்சோர்வு கண்டிருந்தது. சிதம்பரத்தில் பேராசிரியராக மதிக்கப்பட்டவன் நான். என் நோய் வெளியே தெரியக் கூடாதென்று பேருந்தேறிக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருத்துவரைப் பார்த்துவந்தேன். மருத்துவமனைகளுக்குக் கணினி வரத் தொடங்கியிருந்த காலம். பதிவு செய்யும் பெண் பெஞ்சுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்ததால், அங்கே காத்திருக்கும் எங்களுக்கும் திரை நன்றாகத் தெரியும். பெயர், வயது, நோய் என்று அதில் ஏறுவதைத் தொலைக்காட்சிபோலப் பார்த்திருப்போம்.

ஒருநாள் என்னுடன் பணியாற்றிய பேராசிரியர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார்.

“என்ன சார், சிதம்பரத்துல டாக்டருக்கா பஞ்சம்?”

நான் பதில் சொல்லுமுன் என் முறை வந்துவிட்டது. அந்தப் பெண் என் சீட்டைப் பார்த்துப் பெயரையும் வயதையும் அடித்தார். நோய் என்ற கட்டத்தில் விரல்கள் நின்றன. திரும்பி என் முகத்தைப் பார்த்தவர், திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பித் தன் நாற்காலியையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“படம் ஓடிக்கிட்டிருக்கறப்ப ஏம்மா திருப்பிட்ட?” என்றார் நண்பர்.

“அவுங்க உடம்பு அவுங்களுக்கும் டாக்டருக்கும் தெரிஞ்சா போதும் சார்.”

அதன்பின் அந்தத் திரை பெஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அப்பெண்ணை நன்றியோடு நினைக்கிறேன்; அன்று எனக்கு முன்னால் சென்ற பெண்மணியின் நோயை நான் வரி விடாமல் வாசித்திருந்ததும் உடன் நினைவுக்கு வருகிறது.