இட்லி சைக்கிளுக்கு நான் மாட்டிய மோட்டார்

போன வருஷம் மழை விட்ட கையோடு நடந்தது இது. இடம் மும்பையில் மாட்டுங்கா, ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கட்டிடத்தின் கேட். காலை ஏழரை மணி. நேரம்கூட இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், நடந்ததை எல்லாம் நானே போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததுதான்.

நாங்கள் இருப்பது தாராவியில். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்லிக்கொள்வோமே தவிர, நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அப்போது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் கடைசி வருஷம். சாதாரண சைக்கிளை எலெக்ட்ரிக் சைக்கிளாக மாற்றும் கிட் ஒன்றைக் கல்லூரி ப்ராஜெக்டுக்காக வாங்கியிருந்தோம். சக்கரத்தின் நடுவில் உட்காரும் மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் பெட்டி, ஸ்கூட்டரில் இருப்பது மாதிரி திருகினால் ஓடும் ஆக்ஸிலேட்டர் கைப்பிடி. ப்ராஜெக்ட் முடிந்து மார்க்கும் வந்தபிறகு அது என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எதுவும் சும்மா கிடந்தால் எனக்குப் பொறுக்காது.

எங்களுக்குக் கீழ் அறையில் ஒரு அண்ணன் குடும்பம். அவர் மனைவி, எனக்கு அக்கா, விடியுமுன் இட்லி அவிப்பார். அண்ணன் அதைப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி கேரியரில் கட்டி, ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் சாம்பார்த் தூக்குவாளியும் சட்னித் தூக்குவாளியும் மாட்டிக்கொண்டு, பாங் பாங் என்று ஹாரன் அடித்தபடி மாட்டுங்கா வரை போய் விற்பார். வழியில் ஒரு ரயில்வே மேம்பாலம். அந்த ஏற்றத்தில் மிதித்து மிதித்து அவருக்கு முழங்கால் போய்விட்டது. வயது நாற்பதுகூட ஆகவில்லை.

மோட்டார் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நான்தான் அவரை நச்சரித்தேன். ஒரு வாரம் கழித்து, சரி, உன் ஆசைக்குச் செய் என்று சைக்கிளை விட்டுவிட்டுப் போனார். பழைய ரிம்மிலேயே மோட்டாரை வைத்துக் கம்பி கோத்துத் தர சைக்கிள் கடைக்காரர் ஒத்துக்கொண்டார். மற்ற வேலை எல்லாம் நான். எங்கள் சந்தில் உட்கார்ந்து ஒரு பெண் ஸ்பேனர் பிடிப்பதை வேடிக்கை பார்க்கவே கூட்டம் வந்தது. "என்ன பிள்ள, ஏரோப்ளேனா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பேசுங்கள், பேசுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

கிட்டோடு இரண்டு பிரேக் பிடிகளும் வந்திருந்தன. பிரேக்கை அழுத்தினால் மோட்டார் தானாக நின்றுவிடும். அண்ணனுடையது கம்பி பிரேக் வைத்த பழைய கனமான சைக்கிள். அந்தப் பிடிகள் அதில் உட்காரவில்லை. வேறு வழி கண்டுபிடிக்க இன்னும் இரண்டு நாள் ஆகியிருக்கும். எனக்குப் பொறுமை இல்லை. அவற்றைப் பெட்டியிலேயே போட்டு மூடினேன். தாராவியின் தொண்ணூறடி ரோட்டில் நானே ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. உடனே வீடியோ போட்டு லைக்கும் வாங்கிவிட்டேன்.

அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஐந்து நிமிஷம். இப்படித் திருகினால் ஓடும், விட்டால் நிற்கும், சாவி இங்கே. அவ்வளவுதான்.

மறுநாள் நான் பஸ்ஸில் முன்னாலேயே போய் மாட்டுங்காவில் காத்திருந்தேன். பாலத்தில் மிதிக்காமலே ஏறிவந்த அண்ணன் தூரத்திலிருந்தே சிரித்தது வீடியோவில் விழுந்தது. ஆனால் அவர் கேட் வரை ஓட்டிக்கொண்டு வரவில்லை. நூறு அடிக்கு முன்பே இறங்கி, இடது பக்கம் நடந்தபடி, வலது கையை நீட்டி ஆக்ஸிலேட்டர் இருந்த அந்தப் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். டாக்ஸிக்காரர்கள், வாட்ச்மேன்கள், எதிர்ப் பூக்கடைப் பெண் என்று வாடிக்கைக்காரர்கள் கூடவே நடந்து வருவார்கள். தினமும் அப்படித்தானாம். அவர் மிதிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர் எப்படி விற்கிறார் என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

கேட் முன்னால் சைக்கிளை நிறுத்த, வழக்கம்போல இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைத் தன் பக்கம் இழுத்தார். இழுத்ததில் ஆக்ஸிலேட்டர் திரும்பியது. சைக்கிள் முன்னால் பாய்ந்தது. அதைப் பிடித்து நிறுத்த அவர் இன்னும் இழுத்தார். இழுக்க இழுக்க அது ஓடியது. கேட் தூணில் மோதி, அவர் பக்கமாகச் சாய்ந்தது. சாம்பார் தூக்கின் மூடி தெறித்து, கொதிக்கக் கொதிக்க இருந்த சாம்பார் அப்படியே அவர் இடது காலில். இட்லி எல்லாம் தெருவில் கொட்டிக் கிடந்தது.

வாட்ச்மேன் ஓடிவந்து காலில் தண்ணீரை ஊற்றினார். நான் போனைப் பிடித்தபடியே நின்றேன். டாக்ஸிக்காரர் ஒருவர் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "யே மோட்டார் கிஸ்னே லகாயா?" என்று கேட்டார். யார் மாட்டினது என்று. எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

நான் அண்ணனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "அண்ணே, தள்ளும்போது சாவிய ஆஃப் பண்ணணும்னு நான் சொன்னேம்லா?"

நான் சொல்லவில்லை. அப்படி ஒரு நினைப்பே எனக்கு வந்ததில்லை. பொய் என்று தெரிந்தே, அதையே இந்தியிலும் ஒரு தடவை கூட்டத்துக்குச் சொன்னேன். ஒரு பெண் செய்த வேலை, அதான் இப்படி என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் என்று அப்புறம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது வெறும் சாக்கு.

அண்ணன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னை ஒரு கணம் பார்த்தார். "ஆமா, தங்கச்சி சொல்லிச்சு. நாந்தான் மறந்துட்டேன்" என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். நினைக்க வசதியாகவும் இருந்தது. பக்கத்து டாக்டரிடம் கட்டுப் போட்டு டாக்ஸியில் அழைத்துவந்தேன். அன்று சாயங்காலம் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். சாம்பார் கொட்டிய சத்தத்துக்கு அப்புறம், "சொன்னேம்லா" என்ற என் குரல், ஒரு பதற்றமும் இல்லாமல். அழித்துவிட்டேன்.

ஐந்து நாள் கீழே இறங்கும்போதெல்லாம் அவர்கள் கதவைப் பார்க்காமல் போனேன். ஆறாம் நாள் அக்காவே கூப்பிட்டார். காப்பி கொடுத்தார். அண்ணன் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "படிச்ச பிள்ள சொன்னா காதுல வாங்கணும். இவுக எங்க வாங்குனாக" என்று அக்கா என்னிடமே குறைப்பட்டார். அந்த ஆறு நாளில், கேஸை மூடியாச்சா, கதவைப் பூட்டியாச்சா என்று எல்லாவற்றையும் அவரிடம் இரண்டு தடவை கேட்கும் பழக்கம் அக்காவுக்கு வந்திருந்தது.

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "நீ அத எப்ப சொன்ன தங்கச்சி? சந்துல வச்சா, இங்க ரூம்ல வச்சா? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். ஞாபகத்துக்கே வரமாட்டேங்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் என்னைக் காப்பாற்றவில்லை. என்னை நம்பியிருக்கிறார்.

"நான் சொல்லவே இல்லண்ணே" என்றேன். பிரேக் பிடிகளைப் பெட்டியிலேயே போட்டு மூடியதையும் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. நான் குடித்து முடிக்காத காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே பார்த்து, "ஏளா, கேட்டியா? நான் மறக்கல" என்றார். அவ்வளவு நிம்மதி அந்தக் குரலில். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மோட்டாரைக் கழற்றிவிடச் சொன்னார் அக்கா. கழற்றினேன். இரண்டு வாரம் கழித்து அண்ணன் மாட்டுங்கா போனபோது அந்தக் கேட்டில் வேறொருவர் இட்லி விற்றுக்கொண்டிருந்தாராம். இப்போது அவர் அந்த இடத்தை விட்டுவிட்டு, சயான் பக்கம் போகிறார். வழியில் பார்த்தால் பழையபடியே தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார்.

மாட்டுங்காவில் டாக்ஸிக்காரர்களுக்கும் பூக்கடைப் பெண்ணுக்கும் உண்மையைச் சொல்ல ஒரு நாள் போனேன். அந்த நாளே அவர்களுக்கு ஞாபகமில்லை. ஆனால் நான் சொல்லாத ஒரு வார்த்தையை ஆறு நாள் தன் தலைக்குள் தேடிக்கொண்டிருந்தாரே ஒரு மனிதர், அவரிடமிருந்து அந்த ஆறு நாளை எடுத்தவள் நான் என்பதை என்னால் இன்றைக்கும் கடக்க முடியவில்லை.