சும்மா கிடக்கும் பொருள்

தோழிகளே, கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை நம் நால்வரைத் தவிர யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் நாளைக்கே என் பள்ளிக்கூடம் நின்றுவிடும்.

மில் மூடியதிலிருந்து அப்பா, வாரப் பத்திரிகையில் ஒரு தொழில் ஆலோசகர் எழுதும் கட்டுரையை விடாமல் படிக்கிறார். இன்று மாலை சத்தமாகவே படித்தார்: "வாய்ப்பை வெளியே தேடாதீர்கள். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பொருள் எது என்று பாருங்கள். அதுவே உங்கள் முதலீடு."

அப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஓடாத தையல் மெஷின். டயர் இல்லாத சைக்கிள்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெட்டியார்பாளையத்துல ஒரு பையன் இருக்கான். பிரெஞ்சு குடியுரிமை. இவள குடுத்தா நாமளும் பாரீசுல கடை போடலாம்."

"பத்தாவது பரீட்சை வருதுப்பா," என்றேன்.

"பாரீசே வருது, பரீட்சையாம்!"

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்: "அந்த ஆலோசகரு எத்தினி கடை வெச்சிருக்காரு?"

"அவரு கடை வெக்கமாட்டாரு. வழி சொல்லுவாரு."

"அப்ப அதான் அவரு கடை. நீதான் வாங்கினு வந்து நிக்கற."

அப்பா காதில் விழாதது போல அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். அந்த ஆலோசக மேதைக்கு மகள் இருந்தால், அவளும் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாளா?

நானும் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கொல்லையில் வேப்பமரம் சும்மாதான் கிடக்கிறது. எனக்கு அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டால், எந்த மாப்பிள்ளை உள்ளே வருவான்? என் ஆலோசகர்களே, முகத்தில் அம்மைப் புள்ளி வைக்க எது நல்லது, குங்குமமா, சிவப்பு மையா? நாளை காலை பிரேயருக்கு முன்னால் சொல்

அப்பா கதவைத் தட்டுகிறார்