கருவாட்டுக்கு மேலே தொங்கிய சீடி

சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் லண்டனிலிருந்து எங்கள் ஊரான நாரந்தனைக்கு வந்த டிரம்ஸ்காரர் அவர். நரைத்த தாடி. விரல்கள் சும்மா இராது. என் மீன்பிடி வள்ளத்தில் ஏறினாலும் அதன் விளிம்பில் தட்டிக்கொண்டே வருவார். ஒருநாள் எனக்கொரு சீடி தந்தார்.

"மூண்டு பேராய் ஜாஸ் ஃபங்க் வாசிச்சனாங்கள். இவ்வளவு வருசத்திலையும் நல்லதுகளைப் பொறுக்கி இதிலை போட்டிருக்கு. கேட்டுப்போட்டுச் சொல்லும்."

வீட்டில் சீடி போடும் பெட்டி இல்லையென்று சொல்ல வெட்கம். காகம் கலைக்க மற்றவர்கள் கட்டுவதுபோல, கருவாடு காயும் இடத்தில் அதைக் கட்டிவிட்டேன்.

மறுகிழமை அங்கேயே வந்து, "எப்பிடி?" என்றார்.

"நல்ல பாட்டுகள் அண்ணை."

"அதிலை பாட்டில்லை. வாத்தியம் மட்டும்தான்." சொல்லிக்கொண்டே மேலே பார்த்தார். சீடி வெயிலில் சுழன்றது.

"காகம் வருகுதோ?"

"இல்லை அண்ணை."

"லண்டனிலையும் எங்கட வாசிப்புக்குக் கனபேர் எழும்பிப் போனவை," என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க ஏலவில்லை. அவர் போனபின் அதை அவிழ்க்கவும் கூசியது, விட்டுவைக்கவும் கூசியது.