நீலச் சுவரும் மூன்று தரம் அவித்த மாவும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு அதுவும் தெரியாது. அண்ணன் எட்டாம் வகுப்போடு அப்பாவின் வள்ளத்தில் ஏறினான், அப்பா இறந்த பிறகு பாரிசுக்குப் போனான். நான் உயர்தரம் சித்தியடைந்து, கரவெட்டியில் ஒரு சிறிய பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். ஆகவே அண்ணனின் கடிதங்களை வாசிப்பது என் வேலை. அம்மா எனக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து, என் கண்கள் தாளில் எந்த இடத்தில் நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டே கேட்பார். எழுத்துத் தெரியாவிட்டாலும், ஒரு பக்கம் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சண்டையால் மயிலிட்டியை விட்டு வந்து அது இரண்டாம் வருடம். கொழும்புக்குப் போன ஒரு குடும்பத்தின் வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். வாடகை இல்லை. உள் அடுப்பில் மீன் மச்சம் சமைக்கக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. கடற்கரை ஆட்களுக்கு வீடு கொடுக்கிறவர்கள் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. அம்மா மறுபேச்சில்லாமல் கிணற்றடியில் ஓலைச் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கி அங்கே அடுப்பு வைத்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் பத்தியில் சமைத்ததைத்தான் நானும் சாப்பிட்டேன்.

அண்ணன் பாரிசில் ஒரு மொரோக்கோக்காரரின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். பாதை பூட்டியிருந்ததால் கடிதங்கள் கப்பலில் வந்து சேர இரண்டு மாதம், சில வேளை மூன்று மாதம் எடுக்கும். சித்திரையில் வந்த கடிதத்துக்குள் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் ஒரு அறை. நீலச் சுவர்கள், சுவரோரமாக நிலத்தில் மெத்தைகள், நடுவில் பதிந்த வட்ட மேசையில் பித்தளைத் தட்டு, மேலே பொட்டுப் பொட்டாகத் துளையிட்ட விளக்குகள். மற்றப் படத்தில் அதே அறையில் அண்ணன். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "தங்கச்சி, இதை நீ மனதுக்குள் வாசி. முதலாளியின் தங்கச்சி மகளை நான் கலியாண எழுத்து முடிச்சிட்டன். அம்மாவுக்கு நீதான் மெல்லமாய்ச் சொல்ல வேணும். படிச்சனி, உனக்குச் சொல்லத் தெரியும்."

நான் மனதுக்குள் வாசித்தேன். அம்மா என் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக்குரிய நேரத்தை நிரப்ப வேண்டியிருந்ததால், கடையில் என்ன சமைக்கிறார்கள் என்று அண்ணன் வேறொரு இடத்தில் எழுதியிருந்த நாலு வரியை நீட்டிப் பெருப்பித்துச் சொன்னேன். கோழியோடு முந்திரிகை வற்றல், அதுதான் திராட்சை வற்றல், போடுவார்களாம், கறுவாப்பட்டை போடுவார்களாம், ஊறுகாய் மாதிரி உப்பில் ஊறிய தேசிக்காயை வெட்டிப் போடுவார்களாம், மிளகாய்த்தூளே இல்லையாம். இரண்டாம் படத்தைப் பாடக்குறிப்புக் கொப்பிக்குள் வைத்தேன்.

அடுத்த கடிதத்தையும் அப்படியே வாசித்தேன். அதற்கடுத்ததையும்.

அம்மாவிடம் வேறொரு திட்டம் இருந்தது. அவருடைய அண்ணன், என் மாமா, பருத்தித்துறைப் பக்கம் கரையோடு ஒரு கொட்டிலில் இருந்தார். அவருடைய ஒரே மகளை அண்ணனுக்கு எடுப்பதென்பது நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே பேசிய பேச்சு. அந்த மச்சாள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்பில் நின்று வலை பொத்தப் போனவள்.

"ஆவணி பிறக்க என்ரை அண்ணையைக் கூப்பிட்டு வார்த்தையைக் குடுத்துப்போடுவம்" என்றார் அம்மா. "பெட்டை எவ்வளவு நாளைக்குக் காத்துக்கொண்டு இருப்பாள்?"

ஆவணிக்கு ஏழு கிழமை இருந்தது. அதற்குள் நான் சொல்ல வேண்டும். வார்த்தை கொடுத்த பிறகு சொன்னால் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று ஒருவரும் மிஞ்ச மாட்டார்.

நேரே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆசிரியை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும் என்பதில் எனக்கு அப்போது பெரிய நம்பிக்கை இருந்தது. அம்மா முதலில் அந்த அறையில் இருந்து பழகட்டும், அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்கட்டும், பிறகு அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லலாம் என்று தீர்மானித்தேன்.

சுவரிலிருந்து தொடங்கினேன். சுண்ணாம்புக்குள் உடுப்புக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து முன்னறைக்குப் பூசினேன். பொருளாதாரத் தடையால் நீலமும் தட்டுப்பாடான சாமான். மூன்று கடையில் அலைந்து கிடைத்தது. முதல் பூச்சு, காயாத இடத்தில் ஒரு நிறமும் காய்ந்த இடத்தில் ஒரு நிறமுமாக நின்றது. இரண்டாவதில் படத்துக்குக் கிட்ட வந்தது.

"வீட்டுக்காரர் பேசமாட்டினமோ?" என்று அம்மா கேட்டார்.

"மச்சம் சமைக்கக்கூடாதெண்டுதானே சொன்னவை. நீலம் அடிக்கக்கூடாதெண்டு சொல்லேல்லையே."

இலவம்பஞ்சு வளவிலேயே விழுந்து கிடந்தது. மயிலிட்டிக்குச் சைக்கிளில் துணி கொண்டுவருகிற முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம் அம்மா ஒரு காலத்தில் வாங்கிய கோடு போட்ட திரைச்சீலைத் துணி, நாங்கள் கட்டி எடுத்து வந்த மூட்டைக்குள் இருந்தது. அதில் நாலு மெத்தை தைத்தேன். விளக்குக்குப் பால்மா வந்த தகர ரின். வெறும் ரின்னில் ஆணி அடித்தால் நெளியும். ஈரமணலை இறுக்கி அடைத்துவிட்டு அடித்தால் நெளியாது. அது இரண்டு ரின்னைப் பழுதாக்கிய பிறகு தெரிந்தது. மின்சாரம் இல்லாத காலம், மண்ணெண்ணெய் துளியாகத்தான் கிடைக்கும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்த விளக்கை ரின்னுக்குள் இறக்கினால் நீலச் சுவர் முழுக்கப் பொட்டு விழுந்தது. அம்மா அதைப் பார்த்து, "அம்மாள் வந்த முகம் மாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு சிரித்தார்.

சாப்பாடுதான் சிக்கல். கோதுமையைச் சிறு மணியாக உருட்டி, குழம்பின் ஆவியில் அவிப்பார்கள் என்று அண்ணன் எழுதியிருந்தான். மாவை வறுத்து, உப்புத் தண்ணீர் தெளித்துக் குழைத்து, அரிசி அளக்கிற சுண்டின் விளிம்பால் கொத்தினேன். கோழி, பூசணி, கரட், கடலை எல்லாம் போட்ட பானையின் வாயில் கூம்பான பனையோலை நீத்துப்பெட்டியை வைத்து அவித்தேன். முந்திரிகை வற்றல் கடையில் இல்லை. பக்கத்துத் தோட்டத்து முந்திரிகைப் பழத்தைச் சுளகில் காயவைத்து எடுத்தேன்.

அம்மா ஒரு வாய் வைத்தார்.

"உது புட்டுத்தானே, பிள்ளை."

"புட்டில்லை. உது வேறை."

"சுண்டாலை கொத்தி, நீத்துப்பெட்டியிலை அவிச்சுப்போட்டு, புட்டில்லையாம்." இன்னொரு வாய் வைத்தார். "கறி ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரிக் கிடக்கு. ஆனால் வாசம் நல்லாயிருக்கு." பிறகு வாய்க்குள்ளிருந்து ஒரு முந்திரிகைக் கொட்டையை எடுத்துப் பார்த்தார். "அங்கை கொட்டையோடைதான் போடுறவையோ?"

இப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அம்மா அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஒண்டும் சொல்லாமல் செய்தாலும் எனக்கு விளங்கினது" என்றார். "மாமா வரேக்கை வீடு வீடு மாதிரி இருக்கவேணும் எண்டுதானே? இரவல் வீட்டிலை வைச்சு எப்பிடி வார்த்தை குடுக்கிறதெண்டு நான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். இனிப் பயமில்லை. ஆவணி வரைக்கும் ஏன் பாத்துக்கொண்டு இருக்கவேணும்? வாற ஞாயிறே வரச் சொல்லுவம்."

அடுத்த நாள் காலை யாரிடமோ சொல்லியும் அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா மகளையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். மச்சாள் படியில் நின்று விளக்குகளைப் பார்த்து, "மச்சாள், உது கோயிலோ வீடோ?" என்று என்னிடம் கேட்டாள். மாமா மெத்தையில் இருக்கத் தெரியாமல் அதைத் தள்ளிவிட்டு நிலத்தில் இருந்தார்.

பெரிய தாம்பாளத்தில் மாவைக் குவித்து, நடுவில் குழியாக்கி, கோழியை வைத்தேன். நாலு பேரும் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். ஒருவரும் கை வைக்கவில்லை. மாமா தனித்தனிக் கோப்பை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். எச்சில் பார்க்கிற வீட்டில் நான் வளரவில்லை, ஆனால் பெண்களும் ஆண்களும் ஒரு தட்டில் கை வைக்கிற வீட்டிலும் வளரவில்லை. அதை நான் யோசித்திருக்கவில்லை. கடிதத்தில் அது அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் மாமாதான் கை வைத்தார். "வள்ளத்திலை நாங்கள் ஒரு சட்டியிலைதானே தின்னுறனாங்கள். மச்சானும் நானும் ஏழு பேரோடை" என்று என் அப்பாவை நினைவுபடுத்தினார். வள்ளத்தில் போலவே, தன் முன்னால் இருந்த பக்கத்தில் மட்டும் எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள்.

பாதிச் சாப்பாட்டில் அம்மா சொன்னார்: "பிள்ளை, உன்ரை அண்ணையின்ரை கடைசிக் கடிதத்தை மாமாவுக்கு வாசிச்சுக் காட்டு. மருமகன் என்னமாதிரி இருக்கிறான் எண்டு கேக்கட்டும். பிறகு மற்ற அலுவலைக் கதைப்பம்."

கையைக் கழுவிவிட்டுக் கடிதத்தை எடுத்து வந்தேன். இருந்த இடத்தில் மச்சாள் என் தோளோடு தோளாக இருந்தாள். முதல் பக்கத்தை வாசித்தேன். தாளைத் திருப்பியபோது, அவளுடைய உதடுகள் அசைவதைக் கண்டேன். எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு வரி பின்னால் வந்துகொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளுக்கு வாசிக்கத் தெரியும் என்பது என் நினைவில் இருக்கவேயில்லை.

அவள் பக்கத்தில் இருந்திராவிட்டால் அன்றைக்கும் தாண்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நான் அந்த வரிகளை உரத்து வாசித்தேன்.

"அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லையோ, தங்கச்சி? மூன்று கடிதத்திலை கேட்டிட்டன். இவளின்ரை தாய் நல்லவ. நாங்கள் எல்லாரும் ஒரு தட்டிலைதான் சாப்பிடுறது. நல்ல இறைச்சித்துண்டாய்ப் பார்த்து என்ரை பக்கம் தள்ளி விடுவா. அம்மாவுக்கு இதைச் சொல்லு. நான் கலியாணம் முடிச்சதை முதல் சொல்லிப்போட்டு, பிறகு இதைச் சொல்லு."

மாமா கையை எடுத்தார். கழுவவில்லை. அப்படியே முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆர் அவள்?" என்று அம்மா கேட்டார்.

கொப்பிக்குள் இருந்த படத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். மொரோக்கோப் பெண் என்றேன். முஸ்லிம் என்றேன். அம்மா நெடுநேரம் பார்த்தார். இருந்த மெத்தையின் கோட்டுத் துணியில் அவருடைய மற்றக் கை கிடந்தது. அந்தத் துணி விற்றவர் அப்போது யாழ்ப்பாணத்தில் இல்லை. நாங்கள் மயிலிட்டியை விட்ட அதே வருடம் முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கக்காரர் வெளியேற்றியிருந்தார்கள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கதைத்ததில்லை. அன்றும் கதைக்கவில்லை.

"எழும்பு, பிள்ளை" என்றார் மாமா மகளிடம். "வெயில் ஏற முதல் போவம்."

"நான் இன்னும் சாப்பிட்டு முடியேல்லை, அப்பா" என்றாள் மச்சாள். அவள் கை நிற்கவில்லை. கொட்டைகளை இடது கையில் சேர்த்துக்கொண்டு, தன் பக்கத்தில் இருந்ததை முடித்தாள். மாமா முற்றத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா எழும்பிப் போய் அவரிடம், "அண்ணை, நான் அறியேல்லை. சத்தியமாய் அறியேல்லை" என்று சொன்னது கேட்டது. மாமா, "நீ அறிஞ்சிருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்கமாட்டாய். அது எனக்குத் தெரியாதோ?" என்றார். உறவு முறியவில்லை. அதில் என் திறமை ஒன்றும் இல்லை.

அவர்கள் போன பிறகு அம்மா என்னிடம் அண்ணனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"முந்தின கடிதங்களும் இப்பிடித்தான் வாசிச்சனியோ?"

"ஓம்."

"எனக்கு அப்பவே ஒரு யோசினை. அவன் சின்னனிலை தின்னுறதைப் பற்றி ஒரு சொல்லுக் கதைச்சவனே? கடலுக்குப் போனாலும் பச்சைத் தண்ணியோடை சோறு தின்னுறவன், கறுவாவையும் தேசிக்காயையும் பற்றி மூண்டு பக்கம் எழுதுவானோ?" தாம்பாளத்தை எடுத்தார். "நீ வாசிச்சாலென்ன, இட்டுக்கட்டிச் சொன்னாலென்ன, எனக்கு ஒரே மாதிரித்தானே கேக்கும். உன்னை நம்பித்தானே முன்னாலை இருந்தனான்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அம்மாவை ஏமாற்ற நினைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நாலு மாதமாக அதைத்தான் செய்திருந்தேன்.

அடுத்த கிழமை அம்மா ஒரு கடிதத்தாளும் உறையும் வாங்கிக்கொண்டு கரைக்கு நடந்தே போனார். அம்மா சொல்லச் சொல்ல மச்சாள் எழுதினாள். என்ன எழுதினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. பிறகு அண்ணன் எனக்கென்று தனியாக எழுதுவதும் நின்றது.

ஐந்து மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. தபால்காரர் வழமைபோல என் கையில்தான் தந்தார். அம்மா வாங்கி, உடைக்காமல் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தார். ஞாயிறு வரை அது அங்கேயே இருந்தது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, தினமும் அதன் மூலையைப் பார்த்தேன்.

ஞாயிறு காலையில் மச்சாள் வந்தாள். அன்றைக்கும் அதே சாப்பாட்டைச் செய்யச் சொன்னது அம்மாதான். கோழிக்குப் பதிலாகக் கணவாய், கொஞ்சம் செத்தல் மிளகாயும். நான் பத்தியில் நின்று மாவைக் கொத்தி, அவித்து, நீத்துப்பெட்டியைச் சுளகில் கவிழ்த்திருந்தேன். முன்னறை யன்னல் திறந்திருந்தது. மச்சாளின் வாசிப்புக் கேட்டது. ஒவ்வொரு சொல்லாக, சில சொல்லில் நின்று, திரும்பிப் போய், மறுபடி வந்து. எனக்கு அரை நிமிடம் எடுக்கிற பந்திக்கு அவளுக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. அம்மா ஒரு இடத்திலும் அவசரப்படுத்தவில்லை.

"நீங்கள்... கேட்டதை... இவளிட்டைக்... கேட்டனான். மாவை ஒருக்கா... அவிச்சால்... காணாதாம். அவிச்சு... உதிர்த்தி... தண்ணி தெளிச்சுத்... திரும்ப... அவிக்க வேணுமாம். மூன்று... தரம்... அவிச்சால்தான்... அது... புட்டு மாதிரி... இராதாம்."

பிறகு அம்மா யன்னலடிக்கு வந்தார்.

"பிள்ளை, மூண்டு தரமாம்."

"கேட்டது" என்றேன். சுளகில் கிடந்த மாவை உதிர்த்தித் தண்ணீர் தெளித்து, நீத்துப்பெட்டியை மறுபடி பானையில் வைத்தேன். உள்ளே மச்சாள் அடுத்த வரியைத் தொடங்கியிருந்தாள்.