அமுதவள்ளி அடைத்த பெட்டி

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் விளக்கெரியும் பெயர்ப்பலகைகளில் ஏழெட்டுப் பலகையாவது அமுதவள்ளியின் கைவேலையாக இருக்கும். அது யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் யாரும் நின்று பார்க்கப்போவதில்லை. அய்யாவுவின் விளம்பரப் பலகைக் கடையில் அவளுக்கு இது பத்தொன்பதாவது வருடம். அக்ரிலிக் தகட்டை எழுத்தெழுத்தாக அறுப்பாள், உள்ளே எல்இடி பட்டையை ஒட்டுவாள், லோரியில் ஏற்றுவாள், போய் இறங்கி ஏணி வைத்து மாட்டுவாள். அய்யாவு கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் லெப்ட்டுமா, இன்னும் கொஞ்சம் லெப்ட்டு" என்பார். முதலாளி வேலை அது.

நாற்பத்தைந்து வயதில் அவளுடைய முட்டி இரண்டும் மக்கர் செய்யத் தொடங்கின. "ஏணி ஏறுறத நிறுத்துங்க" என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். சொல்வதற்கு என்ன, சொல்லலாம். காலையில் கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயிலில் நின்றுகொண்டே வந்து, பகலெல்லாம் பசை வாடையில் குனிந்து கிடந்து, சாயங்காலம் மறுபடி நின்றுகொண்டே திரும்புகிறவளுக்கு அலுப்பு என்பது ஒரு நாள் சங்கதி இல்லை. தூங்கினாலும் அது போவதில்லை. காலையில் அவளோடு சேர்ந்தே எழுந்துகொள்ளும்.

போன ஜூலையில் புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு மாலில், ரோனி என்பவரின் கணினிக் கடைக்குப் பலகை மாட்டப் போனாள். வேலை முடிந்து, வலி அடங்கட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் அந்தப் பெட்டிகளைப் பார்த்தாள். கணினியின் இரும்புப் பெட்டியில் ஒரு பக்கத்தை அறுத்தெடுத்து, அங்கே கண்ணாடிபோல அக்ரிலிக் போட்டு, உள்ளே விளக்கு எரியவிட்டிருந்தார்கள்.

"என்னா பாஸ், பொட்டிக்குப் போய் இவ்ளோ அலங்காரம்?"

"கேஸ் மோடிங்க்கா. பசங்க இதுக்குப் பைத்தியமா இருக்கானுங்க லா. அவனவன் பேரு, படம், டிசைன் வேணுங்கிறான். நான் வெளிநாட்ல ஆர்டர் போட்டா வர்றதுக்கு ஒரு மாசம் ஆவுது."

அவள் எழுந்துபோய் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். சரியாக அராவவில்லை; பிசிறு விரலில் குத்தியது. இதற்கா ஒரு மாதம் காத்திருக்கிறார்கள் என்று சிரிப்பு வந்தது.

"இதுவும் போர்டுதானே. நான் செய்வேன்."

ரோனி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த மாசம் கடைசி ஞாயிறு கடையில ஒரு ஷோ வைக்கிறோம். ஒண்ணு செஞ்சு கொண்டாங்க. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஆன்லயே இருக்கணும். தாக்குப் புடிச்சுச்சுன்னா மாசம் இருவது பொட்டி உங்களுக்குத்தான்."

மாதம் இருபது பெட்டி. வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை. ரயில் இல்லை, ஏணி இல்லை. அன்றைக்குக் கிள்ளான் வந்து சேரும்வரை அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

டிசைன் வரைவதற்கென்று வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தது. அதையே எடுத்துக்கொண்டாள். வாரத்தில் கிடைக்கிற ஒரே விடுமுறை ஞாயிறு. அப்படி நாலு ஞாயிறு அதற்கே போயிற்று. முதல் ஞாயிறு உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி அடுத்த அறையில் வைத்தாள். இரும்புத் தூள் ஒரு துளி விழுந்தாலும் எல்லாம் போச்சு என்று வீடியோவில் ஒருவன் பத்துத் தடவை சொல்லியிருந்தான். பிறகு பக்கத்தகட்டில் டேப் ஒட்டி, கோடு போட்டு அறுக்க ஆரம்பித்தாள். இரவெல்லாம் செக்யூரிட்டி வேலை பார்த்துவிட்டுப் படுத்திருந்த கணவன் சிவநேசன் எழுந்து வந்தான்.

"இருக்கிறது ஒரு நாள் லீவு. அதுலயும் அறுக்கிறியேடி. மனுஷங்க தூங்க வேணாமா?"

"தூங்கி எந்திரிச்சா மட்டும் என்னாவுது?" என்றாள். அவன் திரும்பப் போய்ப் படுத்தான்.

அறுத்த ஓரத்தை வழவழவென்று அராவி, ரப்பர் பட்டை கோத்து, அக்ரிலிக்கைப் பொருத்தினாள். முன்பக்கத்துக்கு வெள்ளை அக்ரிலிக்கில், நடு வரிசையில் ஒன்பது புள்ளி வரும் சிக்குக் கோலம் ஒன்றைச் செதுக்கினாள். விளக்கைப் போட்டதும் கோலம் மட்டும் தனியாக எரிந்தது. தன் கைவேலையைத் தானே உட்கார்ந்து பார்த்து அவளுக்கு எத்தனையோ வருடமாகிவிட்டது.

நாலாவது ஞாயிறுதான் வினை. பலகை வேலைக்காரர்களுக்கு எதிரி இரண்டு: ஒன்று சாயங்கால மழை, இன்னொன்று பல்லி. ஓர் இடுக்கு விட்டாலும் தண்ணீர் இறங்கும், இல்லாவிட்டால் பல்லி புகுந்து ஒயரில் செத்துக் கிடக்கும். எழுத்து அணையும், மறுபடி ஏணி. அதனால் துவாரத்தைக் கண்டால் சிலிக்கோன் பசை போட்டு அடைக்காமல் அவள் கை சும்மா இருக்காது. பெட்டியின் பின்னாலும் மேலேயும் வரிசை வரிசையாக ஓட்டைகளைப் பார்த்ததும் அவளுக்குப் பதறிவிட்டது. இத்தனை ஓட்டையோடு ஒரு பெட்டியை எந்த மடையன் செய்தான்? ஒயர் போகிற வழியை மட்டும் விட்டுவிட்டு, மிச்சம் அத்தனையையும் நேர்த்தியாக அடைத்தாள். கழற்றி வைத்ததையெல்லாம் திரும்ப உள்ளே பூட்டி, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு கீற்று வெளிச்சம்கூட வெளியே கசியவில்லை. திருப்தியாகப் போய்ப் படுத்துவிட்டாள்.

ஷோ அன்று காலை பெட்டியைச் சுற்றிக் கூட்டம்தான். கோலத்தைப் படம் பிடித்தார்கள். எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள். அரை மணி நேரத்தில் படக்கென்று எல்லாம் அணைந்தது. மறுபடி போட்டாள். ஐந்து நிமிடம்தான், மறுபடி அணைந்தது.

ரோனி மேலே கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். "அல்லாமா, பானாஸ்! இப்படிக் கொதிக்குதே! அக்கா, காத்து எது வழியா வரும் போவும்?"

"காத்து எதுக்கு?"

"உள்ள சூடாவுதுல்ல? காத்து இப்படி உள்ள வந்து அப்படி வெளிய போவணும். நீங்க ஊறுகா ஜாடி மாதிரி மூடி வச்சிருக்கீங்க. தாங்காது லா, தானா ஆஃப் ஆயிரும்."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அமுதவள்ளி தன்னை யானையாக ஒரு நாளும் நினைத்ததில்லை, அதனால் அந்தப் பழமொழி அவளுக்கு உதவவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும்போல இருந்தது. வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்தாள். ஆனால் போனால் திங்கட்கிழமை ஏணிதான்.

"டிரில் இருக்கா பாஸ்?"

முன்பக்கத் தகட்டைக் கழற்றித் தூரத்து மேசைக்குக் கொண்டுபோனாள். கோலத்துக்கு நாற்பத்தொரு புள்ளி. டேப் ஒட்டி, ஒவ்வொரு புள்ளியாகத் துளைத்தாள். அவசரப்பட்டால் அக்ரிலிக் விரிசல் விட்டுவிடும். அந்த நிதானம் அவள் கையில் இருந்தது. பிறகு பின்னாலும் மேலேயும் தானே போட்ட சிலிக்கோனைப் பிளேடால் கீறிக் கீறி உரித்தாள். மாட்டி முடிக்கப் பகல் மணி ஒன்றாகிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை ஷட்டரை இறக்கும்வரை பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. புள்ளிகள் வழியாக வெளிச்சம் சிந்தியதில் கோலம் முன்னைவிட அழகாகத்தான் தெரிந்தது.

"காலையில படுத்துருச்சு, பரவால்ல. அங்கயே சரி பண்ணீங்க பாருங்க, அது போதும் எனக்கு. நம்பர் சொல்லுங்கக்கா, நாளைக்கே பேசறேன்" என்றார் ரோனி.

அவள் நம்பரைச் சொன்னாள். திரும்பும்போது கொமூட்டரில் உட்கார இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

மறுநாள் கடைக்குள் நுழையும்போதே அய்யாவு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அமுதா, ரோனி போன் பண்ணாரு! மாசம் இருவது கம்ப்யூட்டர் பொட்டியாம். நம்ம கடை ஆளு சூப்பரா செஞ்சிருக்காங்கன்னாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேமா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாடிக்கையாளர், லோரிக்காரர், தகடு விற்கிறவர் என்று யார் கேட்டாலும் பத்தொன்பது வருடமாகச் சொல்லி வந்த கடை நம்பரையே அவள் வாய் ரோனியிடமும் சொல்லியிருக்கிறது.

"நல்ல ஆர்டர்மா. பகல்ல மாட்டுற வேலைய முடிச்சிட்டு, சாயங்காலம் இத பாத்துக்க" என்றார் அய்யாவு. அவர் கெட்ட மனிதர் இல்லை. அதனாலேயே அவளுடைய கோபம் அவர்மேல் போகவில்லை. போக இடமில்லாமல் அவளையே தின்றது. நாலு ஞாயிற்றுக்கிழமை போட்டு ஏணிக்குமேல் இன்னொரு வேலையைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

கடைத் தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்ட அய்யாவு அதை அவளிடம் நீட்டினார். "ரோனிதான். அளவு கேக்கறாரு, நீயே பேசு."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். அய்யாவு எதிரிலேயே நின்றார்.

"பாஸ், அளவு அப்புறம் சொல்றேன். அந்தப் பொட்டி கடையில செஞ்சது இல்ல. என் வீட்ல, என் லீவுல, நான் செஞ்சது. ஆர்டர கடைக்குக் குடுக்காதீங்க, எனக்குக் குடுங்க."

அய்யாவுவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு வராது.

மறுமுனையில் ரோனி, "ஓக்கேக்கா. அப்போ உங்க சொந்த நம்பர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். முதலில் வந்த மூன்று எண்ணும் கடையுடையது. சட்டென்று நிறுத்தினாள். தன் நம்பர் அவளுக்கு மனப்பாடம் இல்லை. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"இருங்க பாஸ், பாத்து சொல்றேன்."

பையிலிருந்து கைபேசியை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அய்யாவு பார்த்துக்கொண்டு நிற்க, தன் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.